கட்டுநாயக்காவுக்கு எத்தனை மணித்தியாலம்?

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஓடுகிற சாரதி முற்பிறப்பில் பாவம் செய்தவன். உலகம் முழுக்க அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்கும், சொன்ன பதிலை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி இதுதான்: "எத்தனை மணித்தியாலம்?"

நீங்களும் ஒரு பிள்ளையை ஏற்றிவிடப் போயிருப்பீர்கள், ஆரையாவது கூட்டிவரப் போய்க் கம்பிக்கு வெளியே கால் கடுக்க நின்றிருப்பீர்கள். அதனால் என் கொதி உங்களுக்கு விளங்கும். டோஹாவிலிருந்து கொழும்புக்கு விமானம் நாலரை மணித்தியாலம். கட்டுநாயக்காவிலிருந்து எங்கட பக்கத்துக்கு றோட்டால் ஐந்து மணித்தியாலம் என்று போன் காட்டும். இரண்டையும் கூட்டி ஒன்பதரை என்று சொல்லாத மனுசர் இந்த மாவட்டத்தில் இல்லை. அந்தக் கூட்டலை நம்பித்தான் அண்மையில் கிண்ணியாவில் ஒரு மகன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பானா இல்லையா என்று தீர்த்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான். அதற்கு முந்தி இது எப்படிப்பட்ட ஓட்டம் என்று கொஞ்சம் கேளுங்கோ.

கச்சான் காற்று

சல்லியில் ஒரு கிழவர், கடல் தொழிலாளி. அவருடைய மகன் கட்டாருக்குப் போனபோது பத்து மணிக்கு வெளிக்கிட்டுப் பன்னிரண்டரைக்கு இறங்கினவன் என்று டிக்கற்றில் இருந்தது. லீவில் திரும்பி வரும் டிக்கற்றிலோ பத்துக்கு வெளிக்கிட்டு மாலை ஐந்துக்கு இறங்குவதாக இருந்தது. அங்கத்த மணிக்கூடு எங்கட மணிக்கூட்டுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான் விசயம். கிழவர் அதை ஏற்கவில்லை. மகன் போனது கொண்டல் காலமாம், கீழ்க்காற்று முதுகில் பிடித்தபடியால் இரண்டரை மணித்தியாலத்தில் போய்விட்டானாம். இப்போது கச்சான் அடிக்கிற மாதம், மேல்காற்று முதுகில் தள்ளும், அதனால் வருகிறதும் இரண்டரைதானாம். டிக்கற்றில் போட்டிருக்கிற ஐந்து மணி, காற்றில்லாத நாளுக்குப் போட்ட கணக்காம்.

பிள்ளை தனியாய் வந்து நிற்கப் போகிறான் என்று என்னை விடியப்புறம் எழுப்பிக் கொண்டுபோய் மத்தியானத்திலிருந்து கம்பியைப் பிடித்தபடி நின்றார். எனக்கு விசர் பிடித்தது. விமானம் ஐந்து மணிக்குத்தான் இறங்கியது. "இப்ப சொல்லுங்கோ அப்பு, ஆரின்ர கணக்குச் சரி?" என்று கேட்டேன். மனுசன் வானத்தை ஒருதரம் பார்த்தார். காற்று நடுக்கடலில் விழுந்திருக்கும் என்றார். நான் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, நீர் தார் றோட்டில ஓடுறனீர், காத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்?"

மாமி வீடு

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேணும். "நல்லது கெட்டது இருந்தாப் பொறுத்துக்குங்க" என்று கையைப் பிடித்துக் கேட்க வேணும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை முதல் நாள் முடிக்க வேணும். வானில் ஏறின பிறகு செய்யக்கூடாது.

மூதூரில் நஜீமா என்று ஒரு பிள்ளை, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறது. ஏற்றிக்கொண்டு புறப்பட்டாச்சு. திடீரென்று, தோப்பூரில் இருக்கிற மாமியிடம் சொல்லவில்லையாம், ஒரு வருசமாய்க் கதை பேச்சு இல்லையாம், வானைத் திருப்பட்டாம். தோப்பூர் நாங்கள் போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஏலாது என்றேன். பிள்ளை கதவைத் திறந்து இறங்கப் பார்த்தது. திருப்பினேன், வேறென்ன செய்ய. மாமி முதலில் கதவைத் திறக்கவில்லை. திறந்த பிறகு இரண்டு பேரும் அழுகை. அழுகை முடிய மாமி எனக்கும் தேத்தண்ணி போட வெளிக்கிட்டா. நான் முற்றத்தில் நின்று கத்தினேன், பிளேன் போயிடும், உன்ர வேலை போயிடும் என்று. நஜீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு திண்ணமாய் ஒரு பதில் சொன்னது.

"பிளேன் போனா வேற பிளேன் வரும் அண்ணே. மாமி மௌத்தாகிட்டா நான் ஆருக்கிட்டப் போய்ப் பொறுக்கக் கேக்கிறது?"

வழியில் நின்றவர்

ரொறொன்ரோவில் இருபது வருசம் இருந்த ஒரு நிலாவெளிக்காரர். திரும்பிப் போக ஏற்றிப் போனேன். அங்கே இவ்வளவு தூரம் இரண்டரை மணித்தியாலமாம். "நீங்கள் ஏன் அண்ணை இப்பிடி உருட்டுறியள்?" என்று கந்தளாய் தாண்டும் வரை ஒரே கரைச்சல். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் இறக்கிவிட்டிருப்பேன்.

ஹபரணைக் காட்டுக்குள் ஒரு தனியன் யானை றோட்டுக்கு நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் வாகன வரிசை. வரிசையை மறித்து ஒரு பொலிஸ்காரர். எங்கட ஆள் கண்ணாடியை இறக்கி, தான் கனடாவுக்குப் போக வேணும், இதை விரட்டக் கூடாதா என்று கேட்டார். பொலிஸ்காரர் சிங்களவர், தமிழைத் தடவித் தடவிக் கதைக்கிறவர். திரும்பி யானையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அவருக்கு அவசரம் இல்லை மாத்தயா."

பெட்டிக்கு ஏசி

சீனன்குடாவில் விமான ஓடுபாதை இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வெள்ளைக்காரருக்கும் தெரியும். கட்டுநாயக்காவிலிருந்து சின்ன விமானத்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இங்கே இறங்கலாம். டோஹாவில் கல்லுச் சுமக்கிற பிள்ளைக்கு அது வாராது. வசதியுள்ளவருக்கு வரும்.

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி. அங்கே தங்க வந்த இரண்டு பேர் அந்தச் சின்ன விமானத்தில் வந்தார்கள். அதில் பெரிய பெட்டிகளை ஏற்ற மாட்டார்களாம். அந்தப் பெட்டிகளை ஏற்றிவர என்னை அனுப்பினார்கள். வானுக்குள் ஏழு பெட்டியும் நானும். நல்ல வெயில். நான் வந்து சேர, அவர்கள் கடலில் குளித்து, சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பிவிட்டார்கள். விடுதிப் பொறுப்பாளர் ஓடி வந்து வானின் கதவைத் திறந்தார். உள்ளே குளிர் அடித்தது. பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனுசனுக்கு முகம் மாறிவிட்டது.

"பெட்டி மட்டும்தானே வந்தது, பிறகேன் ஏசி போட்டனீங்கள்?"

ஒலிபெருக்கி

இனிக் கிண்ணியா விசயம்.

ஆமினா உம்மா என்று ஒரு தாய். மகன் றிஸ்வான் டோஹாவில் கட்டட வேலை. மகளின் புருசன் நஸார் ஊரில் கடை வைத்திருக்கிறவர். உம்மாவைக் கடைசிவரை கைத்தாங்கலாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்ததும் அந்த நஸார்தான். ஒரு காலை உம்மா மௌத்தாகிவிட்டா. எங்கட சனமென்றால் வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை இரண்டு மூன்று நாள் பெட்டியில் வைத்திருப்போம். அவர்களிடம் அப்படி இல்லை. மையித்தை, இறந்தவரின் உடலை, வைத்திருக்கிறது மையித்துக்கு வேதனை என்று அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். றிஸ்வான் போனில் கெஞ்சினபடியால் அடுத்த நாள் வரைக்கும் பொறுக்கச் சம்மதித்தார்கள். வேலைத் தலத்தில் லீவுக்குக் கையெழுத்து வாங்கவே அவனுக்குப் பகல் முழுக்கப் போய்விட்டது. விமானம் மறுநாள் காலை ஐந்தரைக்கு இறங்கும் என்று செய்தி வந்தது.

பள்ளிவாசல் மரைக்கார் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் அங்கே எல்லாத்துக்கும் பொறுப்பு. முற்றத்தில் பத்துப் பேர் நிற்க, நஸார் போனைத் தூக்கிக் காட்டினார். ஐந்தரையோடு ஐந்து, பத்தரை. பதினொரு மணிக்கு அடக்கலாம் என்றார். நான் சொன்னேன், இறங்கி வெளியில் வரவே ஒன்றரை மணித்தியாலம் போகும், காலையில் குருநாகலைத் தாண்டுவது சும்மா இல்லை, மத்தியான லுஹர் தொழுகை முடிந்தபிறகு வையுங்கோ, ஒரு மணி தாண்டட்டும் என்று. ஒருத்தர் போனைப் பார்த்தார், இன்னொருத்தர் தன்னுடைய போனைப் பார்த்தார். எல்லாப் போனும் ஐந்துதான் சொன்னது. பத்து வாக்குக்கு என்னுடைய ஒரு வாக்கு எந்த மூலைக்கு. நான் இன்னும் கதைத்துக்கொண்டிருக்க, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பதினொரு மணி என்று ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. மாற்றுங்கோ என்று மரைக்காரிடம் கெஞ்சினேன்.

"மைக்கில போன சொல்லைத் திரும்ப எடுக்கேலா அண்ணன். நீங்க கொஞ்சம் வேகமா வாங்க."

வெறுங்கை

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியோடு வருவான், தள்ளுவண்டியில் மலைபோல் கட்டி வருவான். அவன் பெட்டியைத் தேடி நிற்கிறதாலேயே எனக்கு அரைவாசி நேரம் போகும். அன்றைக்குக் கம்பிக்கு வெளியே நின்று, தள்ளுவண்டிகளுக்குள் அவனைத் தேடினேன். றிஸ்வான் வெறுங்கையோடு வந்தான். வேலைத் தலத்துச் சட்டை. சப்பாத்தில் சீமெந்துத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி வந்தும் ஏழு மணியாகிவிட்டது. அன்றைக்கு மூன்று விமானம் ஒன்றாய் இறங்கி, உள்ளே சனம் வரிசையில் நிறைந்துவிட்டதாம்.

அவன் முன் கதிரையில் ஏறி, வார் போட்டு, என் முகத்தைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். பார்ப்பம் தம்பி, ஏலுமான மட்டும் பார்ப்பம் என்றேன். அதற்குள் நஸாரின் அழைப்பு. இன்னும் விமான நிலையத்திலா நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"இறங்கி வெளிய வாறதுக்கும் நேரம் போகும் என்று போனில காட்டல்லயே அண்ணே."

குருநாகல்

குருநாகலில் பள்ளிக்கூட நேரமும் கந்தோர் நேரமும் ஒன்றாய்ப் பிடித்துக்கொண்டது. நான் ஓடின ஓட்டத்தை இங்கே எழுத மாட்டேன். பொலிஸ் கண்டிருந்தால் என் லைசன் போயிருக்கும். ஒரு வளைவில் லொறி ஒன்று முகத்துக்கு நேரே வந்து, எப்படியோ விலகியது. றிஸ்வான் கண்ணை மூடவில்லை, கையால் எதையும் பிடிக்கவுமில்லை. முற்றத்தில் நின்ற அந்தப் பத்துப் பேரையும் இந்த வானில் ஏற்றியிருக்க வேணும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொருத்தருடைய போனை வாங்கி வெளியே எறிந்திருப்பேன்.

தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி லொறிகள் றோட்டை அடைத்து நின்றன. நஸார் திரும்ப எடுத்தார். குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி முடிந்துவிட்டது, முகம் மட்டும் திறந்து கிடக்கு, வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார். கேட்டது நல்ல மனதோடுதான். பக்கத்தில் அவர் மனைவி, றிஸ்வானின் ராத்தா, அழுகிற சத்தமும் கேட்டது. நான் வானை ஓரம் கட்டப் போனேன். றிஸ்வான் கையைக் காட்டி என்னைத் தடுத்தான்.

"வேணா மச்சான். நான் ரெண்டு வருசமா உம்மாவ அதிலதான் பாத்தன்."

ஹபரணைச் சந்தி

பதினொரு மணிக்கு ஹபரணையில் நின்றோம். இந்தமுறை றிஸ்வானின் போனுக்கு எடுத்தது மரைக்கார், எனக்கும் கேட்டது. குரல் தாழ்ந்திருந்தது. மூதூர், தோப்பூரிலிருந்து வந்த சனம் வெயிலில் நிற்கிறதாம். வயதான ஒருத்தர் மயங்கி விழுந்துவிட்டாராம். சந்தூக்கில், மையித்தைத் தூக்கிப் போகிற அந்தப் பெட்டியில், உம்மாவை எடுத்து வைத்துவிட்டார்களாம். மகன்தான் உரித்தாளி, அவன் சொன்னால்தான் வைத்திருப்போம், அவன் சொன்னால்தான் எடுப்போம் என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொல்லும்போது இந்தப் பிள்ளையிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறார்கள். பாரத்தைத் தூக்கி அவன் தலையில் வைக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பறித்துக் கதைக்கப் பார்த்தேன்.

றிஸ்வான் போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "உண்மையச் சொல்லுங்க அண்ணே. இன்னும் எவ்வளவு?" என்றான். ஒரு மணித்தியாலம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மணித்தியாலத்தை அவர்கள் பொறுத்திருப்பார்கள், அது முடிய இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம், இப்படி எத்தனையோ யோசனை ஓடியது. அந்த முகத்துக்குப் பொய் சொல்ல ஏலவில்லை. இரண்டு, தம்பி என்றேன். அவன் போனைக் காதில் வைத்து, "எடுங்க மரைக்கார். உம்மாவ வெயிலில வைக்காதீங்க" என்றான். போனை அணைத்து மடியில் வைத்தான். நான் வழமைப்படி காலை அழுத்தினேன். அவன் என் தோளைத் தொட்டான்.

"இனி மெதுவாப் போங்க அண்ணே."

மையவாடி

அடக்குகிற இடத்தை அவர்கள் மையவாடி என்பார்கள். நாங்கள் போக லுஹர் தொழுது சனம் கலைந்துவிட்டது. ஒரு மணி தாண்டியிருந்தது. நான் முற்றத்தில் நின்று சொன்ன நேரம். சரியாய்ச் சொன்னேன் என்று எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. ஈர மணல் குவிந்திருந்தது. றிஸ்வான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்க் குந்தியிருந்தான். மணலில் கையை வைத்தான், எடுக்கவில்லை.

நஸார் மதிலோரம் தனியே நின்றார். கை முழங்கை வரை மண். உம்மாவைக் குழிக்குள் இறக்கினதும் அவர்தானாம். அவரை நாலு கேள்வி கேட்க வேணும் என்று வழி முழுக்க வாய்க்குள் சேர்த்துக்கொண்டு வந்தனான். அந்தக் கையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. அவர் கெட்டவராய் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாய் இருந்திருக்கும். அவர்தான் முதலில் கதைத்தார், மண்ணைப் பார்த்தபடி.

"பத்து நிமிசம் கூடப் பாத்திருப்பம் அண்ணே. ரெண்டு மணித்தியாலம் என்று ஆர் கண்டது?"

திரும்பும் பயணம்

றிஸ்வானுக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. திரும்பிப் போகிற விமானம் பின்னேரம். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க நான் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் நஸாரே என்னை அழைத்துவிட்டார். விடியப்புறச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வெளிக்கிட வேணுமாம். குருநாகல் நெரிசலுக்கு இவ்வளவு, யானைக்கு இவ்வளவு, தம்புள்ளை லொறிக்கு இவ்வளவு, டயர் காற்றுப் போனால் அதற்கு இவ்வளவு என்று எல்லாத்துக்கும் தனித்தனியாய் நேரம் ஒதுக்கியிருந்தார். போன் காட்டுகிற ஐந்து மணித்தியாலத்தின் பக்கம் அவர் போகவேயில்லை. நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்த அத்தனையும் மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு முற்றத்தில் அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

நஸாரும் கூட வர, மத்தியானத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்தோம். உள்ளே விட இன்னும் நேரம் கிடந்தது. றிஸ்வான் தன் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடிச் சீமெந்துக் கட்டில் இருந்தான். ராத்தா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை அவிழ்க்கவில்லை. இவ்வளவு நேரத்தோடு ஏன் கொண்டுவந்தீர்கள், பிள்ளை இன்னும் ஒரு தரம் உம்மாவிடம் போய்விட்டு வந்திருக்கலாமே என்று நஸாரிடம் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நஸார் கோபிக்கவில்லை. என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரித் தோளைத் தட்டினார்.

"உம்மா அங்கதானே இரிக்கிறா, எப்பயும் போகலாம். பிளேன் நிக்காது அண்ணே."

விமானம் நிற்காது என்பது விளங்கிய எங்கட சனத்துக்கு, றோட்டுப் பறக்காது என்பது விளங்க இன்னும் எத்தனை மையவாடிக்கு நான் வான் ஓட வேணுமோ தெரியாது.